ஜிமேட் டேட்டா சஃபிஷியன்சில ரேஷியோ கணக்கு மட்டும் தப்பாகுதா? எந்த ஆப்ஷன் போட்டீங்கன்னு சொல்லுங்க, காரணத்த கண்டுபிடிச்சிடலாம்

சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்ததும் ஆன்லைன்ல ஜிமேட் (எம்பிஏ சேர எழுதுற எக்ஸாம்) எழுதுறவங்களுக்கு கணக்கு சொல்லித் தர்றேன், நடுவுல பேங்க் எக்ஸாம் பசங்களும் வருவாங்க. புதுசா யாரு வந்தாலும் முதல்ல கடைசியா எழுதுன ரெண்டு மாக் டெஸ்ட்ட அனுப்பச் சொல்லுவேன். அதுல டேட்டா சஃபிஷியன்சில (ஒரு கேள்வியும் ரெண்டு ஸ்டேட்மென்ட்டும் குடுத்து, விடை கண்டுபிடிக்க அது போதுமான்னு மட்டும் கேக்குற வகை) தப்பானத மட்டும் தனியா எடுத்து வச்சா, ரேஷியோ கணக்கு ஒண்ணு ரெண்டு இல்லாம இருக்காது. ஆனா அதே ஆளுகிட்ட அதே ரேஷியோவ "விடை என்ன"ன்னு சாதாரண கணக்கா குடுத்துப் பாருங்க, ஒரு நிமிஷத்துல போட்டுடுவாங்க. கணக்கு நல்லாவே தெரியுது, "இந்தத் தகவல் போதுமா"ன்னு கேக்கும்போதுதான் எங்கயோ மாட்டிக்கிறாங்க. அந்த "எங்கயோ"வ திரும்பத் திரும்ப தேடித் தேடி ஒரு வழி கிடைச்சுது, அதத்தான் இங்க எழுதுறேன்.

ஒரு நோட்டு எடுத்துக்கோங்க. நீங்க தப்பு பண்ண ரேஷியோ கணக்கு ஒரு பத்து எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டே ரெண்டு எழுத்து எழுதுங்க: நீங்க போட்ட ஆப்ஷன், சரியான ஆப்ஷன். "சி போட்டேன், விடை ஏ" இப்படி. விளக்கம் எதுவும் படிக்க வேண்டாம், இப்போதைக்கு இந்த ஜோடி போதும். பத்துல நாலஞ்சு ஒரே மாதிரி ஜோடியா வரும், அதுதான் உங்க அறிகுறி. கீழ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க, எல்லாத்தையும் வரிசையா படிக்கணும்னு இல்ல.

எல்லா இடத்துலயும் ஜிமேட் ஆப்ஷன் வரிசையதான் வச்சிருக்கேன். ஏ: ஸ்டேட்மென்ட் 1 மட்டும் போதும், பி: 2 மட்டும் போதும், சி: தனித்தனியா போதாது சேத்தா போதும், டி: ரெண்டுல எது வேணா தனியாவே போதும், இ: சேத்தாலும் போதாது.

ஜோடி எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். ரேஷியோங்கறது கலவைய சொல்லும், அளவ சொல்லாது. இட்லிக்கு அரிசி நாலு உளுந்து ஒண்ணுன்னு சொன்னா மாவு எப்படி இருக்கும்னு தெரியும், எத்தன இட்லி வரும்னு தெரியாது. உளுந்து ஒரு உழக்குன்னு ஒரு நம்பர் சொல்லிட்டா எல்லாம் தெரிஞ்சிடும். அந்த ஒரு நம்பர நான் கொக்கி நம்பர்னு சொல்லுவேன், ரேஷியோவ நிஜ அளவுல கொண்டு போயி மாட்டுற கொக்கி. கீழ நிறைய தடவ இந்த வார்த்தை வரும்.

அறிகுறி: மனசுல சரியா யோசிச்சேன், ஆப்ஷன மாத்தி அமுக்கிட்டேன்

இதுக்கு ஜோடி எழுதுனா டி போட்டேன் விடை இ, இல்லன்னா சி போட்டேன் விடை டி, இப்படி வரும். விளக்கத்த படிச்சா "நானும் இதத்தானே நெனச்சேன்"னு தோணும்.

காரணம் பெரும்பாலும் ரெண்டு வகை எக்ஸாமுக்கு ஒரே நேரத்துல படிக்கறது. பேங்க் பேப்பர்ல அடிக்கடி வர்ற வரிசையில மூணாவது ஆப்ஷன் "ஏதாவது ஒண்ணு தனியா போதும்", நாலாவது "சேத்தாலும் போதாது", அஞ்சாவது "ரெண்டும் சேத்தாதான்". ஜிமேட்ல இது மூணும் இடம் மாறி இருக்கும். யூபிஎஸ்சி சிசாட்ல மொத்தமே நாலு ஆப்ஷன்தான். கை ஒண்ணுக்கு பழகிட்டு இன்னொண்ண எழுதுது.

சரி பண்றது சுலபம். ஜிமேட்டுக்கு ஸ்க்ராட்ச் பேட்ல ஆரம்பத்துலயே ஏ, பி, சி, டி, இன்னு எழுதி பக்கத்துல 1, 2, சேத்து, தனித்தனி, இல்லன்னு போட்டு வைங்க. பேங்க் எக்ஸாம்னா ஒவ்வொரு தடவையும் டைரக்ஷன படிச்சே ஆகணும், அங்க வரிசை மாறலாம். புது ஜிமேட்ல செக்ஷன் முடியும்போது நேரம் மிச்சம் இருந்தா மூணு விடை வரைக்கும் மாத்தலாம், சந்தேகமா இருக்குறத புக்மார்க் பண்ணி வச்சா இந்தத் தப்ப அப்போ புடிச்சிடலாம். ஒரு வாரம் இப்படிப் பண்ணியும் போகலன்னா அது ஆப்ஷன் பிரச்சினை இல்ல, மத்த அறிகுறியில தேடுங்க.

அறிகுறி: சி போட்டேன், விடை ஏ அல்லது பி அல்லது டி (பி போட்டு விடை டி வந்தாலும் இங்கதான்)

என்கிட்ட வர்றதுல பாதிக்கு மேல இதுதான். ரெண்டையும் சேத்தா விடை பளிச்சுன்னு வருது, அப்புறம் எதுக்கு யோசிக்கணும்னு சிய அமுக்கிடறாங்க. சேத்தா விடை வருதுங்கறது பாதி வேலைதான், தனியா வரலன்னு காட்டுனாதான் சி. அதனால இந்த ஜோடி அதிகமா இருக்குறவங்களுக்கு காரணத்த கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

*முதல் காரணம்: கேள்வி கேக்குறதே ரேஷியோ, நீங்க நம்பர் தேடிட்டு இருக்கீங்க*

கேள்வி: ஒரு கம்பெனில ஆண்களோட சராசரி வயசு 40, பெண்களோடது 30. எல்லாரோட சராசரி வயசு என்ன?
ஸ்டேட்மென்ட் 1: ஆண் பெண் 3:2.
ஸ்டேட்மென்ட் 2: மொத்தம் 250 பேர்.

இதுக்கு சி போடுறவங்க ரொம்ப அதிகம். 150 ஆண், 100 பெண்ணுன்னு கண்டுபிடிச்சு பெருக்கிக் கூட்டி வகுத்து 36ன்னு கொண்டு வருவாங்க. ஆனா 3 ஆண் 2 பெண்ணுன்னு வச்சாலும் 120ம் 60ம் 180, 5ஆல வகுத்தா 36. அஞ்சு பேரா இருந்தாலும் அஞ்சாயிரம் பேரா இருந்தாலும் கலவை அதேதான், சராசரி அதேதான். விடை ஏ.

செக்: கேள்வியோட கடைசி வரிய மட்டும் படிங்க. சதவீதம், பங்கு, எத்தன மடங்கு, சராசரி, கலவையோட விலை ஒரு கிலோவுக்கு, இதெல்லாம் கேட்டா கொக்கி நம்பர் வேண்டாம். எத்தன பேர், எவ்ளோ லிட்டர், எவ்ளோ ரூபான்னு கேட்டா கொக்கி வேணும். கேள்விய படிச்ச உடனே பக்கத்துல "கலவை" இல்லன்னா "அளவு"ன்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க, ஸ்டேட்மென்ட் படிக்கறதுக்கு முன்னாடியே. இந்த ஒரு பழக்கத்துலயே பாதிப் பேருக்கு சரியாயிடும்.

*ரெண்டாவது காரணம்: ஒரே சமன்பாட்டுல ரெண்டு தெரியாதது இருந்தா போதாதுன்னு பழகிட்டோம்*

ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லித் தந்தாங்க, ரெண்டு தெரியாததுக்கு ரெண்டு சமன்பாடு வேணும்னு. தனித்தனி மதிப்புக்கு பெரும்பாலும் அது சரி. ரேஷியோ கேட்டா ஒண்ணே போதுமானதா இருக்கலாம்.

எக்ஸ் கீழ ஒய் (எக்ஸ்/ஒய்) எவ்ளோன்னு கேக்குறாங்க, ஒய் பூஜ்யம் இல்லன்னு குடுத்திருக்காங்க. ஸ்டேட்மென்ட் 1: 3எக்ஸ் + 2ஒய் = 5எக்ஸ் − 4ஒய். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாத்துனா 6ஒய் = 2எக்ஸ், ரேஷியோ 3. முடிஞ்சுது.

இதுலயே வலது பக்கம் கூட ஒரு + 6 இருந்துச்சுன்னா 6ஒய் = 2எக்ஸ் + 6ன்னு நின்னுடும், ரேஷியோ வராது. அப்போ செக் என்னன்னா, எக்ஸோ ஒய்யோ ஒட்டாம தனியா நிக்கிற நம்பர் ஏதாவது இருக்கான்னு பாக்குறது. எல்லா உறுப்புலயும் எக்ஸ் இல்லன்னா ஒய் ஒரு தடவை ஒட்டியிருந்தா ரேஷியோ வந்துடும் (ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு அடிச்சிக்கிட்டு 0 = 0ன்னு போகாத வரைக்கும்). தனி நம்பர் ஒண்ணு மிச்சம் நின்னா வராது. எக்ஸ் ஸ்கொயர் மாதிரி வந்தா இந்த செக்க நம்பாதீங்க, போட்டுப் பாருங்க.

*மூணாவது காரணம்: முழு எண்ணுங்கற தகவல் கண்ணுல படல*

இத கவனிக்கறவங்க ரொம்ப கம்மி. எக்ஸாம் வைக்கிறவங்க எங்கயும் "முழு எண்"ன்னு எழுத மாட்டாங்க, பந்துன்னும் ஆளுன்னும் எழுதியிருப்பாங்க, அதுலயே அந்தத் தகவல் இருக்கு.

கேள்வி: ஒரு பெட்டில சிவப்பு, நீலம் ரெண்டு வகைப் பந்து மட்டும் இருக்கு, 5:7. மொத்தம் எத்தன?
ஸ்டேட்மென்ட் 1: மொத்தம் 20க்கு மேல, 30க்கு கீழ.
ஸ்டேட்மென்ட் 2: நீலம் சிவப்ப விட 4 அதிகம்.

ரெண்டாவதுல வித்தியாசம் 2 பங்கு, அது 4, அப்போ ஒரு பங்கு 2, மொத்தம் 24. இது எல்லாருக்கும் வந்துடும். முதலாவத "20ல இருந்து 30க்குள்ள எதுவா வேணா இருக்கலாம்"னு தள்ளிட்டு பி போடுவாங்க. ஆனா பந்த வெட்ட முடியாது, 5:7ன்னா மொத்தம் 12ஓட மடங்காத்தான் இருக்கணும், 12, 24, 36. இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவுல 24 மட்டும்தான். அதுவும் போதும், விடை டி.

இப்போ அந்த 30அ 40ஆ மாத்திப் பாருங்க, 24ம் வரும் 36ம் வரும், முதலாவது போதாது, விடை பி. பந்துக்கு பதிலா பாலும் தண்ணியும் 5:7, மொத்தம் 20க்கும் 30 லிட்டருக்கும் நடுவுலன்னு மாத்துனா எத்தன லிட்டர்னு சொல்லவே முடியாது, ஏன்னா லிட்டர் புள்ளி வச்சும் வரும். அதனால செக்: எண்ணுற பொருளா அளக்குற பொருளான்னு பாருங்க. எண்ணுறதுன்னா ரேஷியோவ சுருக்கிட்டு பங்கெல்லாம் கூட்டுங்க, அதோட மடங்க அந்த இடைவெளிக்குள்ள எழுதிப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு விழுந்தா போதும்னு அர்த்தம். சுருக்காம 10:14ன்னே வச்சு 24ஓட மடங்குன்னு எழுதுனா தப்பாயிடும், 5:7ஆக்கிட்டுதான் கூட்டணும்.

இதுல இன்னொரு நல்ல செக்கும் இருக்கு. ஜிமேட்ல ரெண்டு ஸ்டேட்மென்ட்டும் ஒண்ணுக்கொண்ணு முரண்படாது. முதலாவதுல 24ம் ரெண்டாவதுல 36ம் தனித்தனியா வந்தா எங்கயோ கணக்கு தப்பா போட்டிருக்கீங்க, டி அமுக்கறதுக்கு முன்னாடி திரும்பப் பாருங்க.

அறிகுறி: ஏ அல்லது பி போட்டேன், விடை சி அல்லது இ

அதாவது போதாதத போதும்னு சொல்லிட்டீங்க.

*கொக்கி இல்லாம அளவு சொன்னீங்களா?* இது ஆரம்பத்துல இருக்குறவங்களுக்கு வரும். பசங்க பொண்ணுங்க 3:2ன்னு படிச்சதும் மனசுல 3 பையன் 2 பொண்ணுன்னு ஒட்டிக்கும். 3ன்னு எழுதாம 3கே, 2கேன்னு (கேங்கறது ஒரு பங்கோட அளவு) எழுதுற பழக்கம் வந்தா போயிடும், வேற ஒண்ணும் தேவையில்ல.

*கொக்கி இருந்துச்சு, ஆனா மாட்டுச்சா?* அளவு கேக்குறாங்க, ரேஷியோ இருக்கு, ஒரு நம்பரும் இருக்கு, அப்போ போதும்னு முடிவு பண்றது. அந்த நம்பர் ரேஷியோல இருக்குற ஆளுங்களப் பத்தினதான்னு கேளுங்க. ஒரு பங்கோட அளவு, மொத்தம், ரெண்டு பங்குக்கு நடுவுல வித்தியாசம், இந்த மூணும் மாட்டும். ஸ்கூல்ல பசங்க பொண்ணுங்க 3:2, டீச்சருங்க 40 பேர்னா அந்த 40 எதுலயும் மாட்டாது, டீச்சருக்கும் மாணவருக்கும் ஒரு ரேஷியோ குடுத்தாதான் மாட்டும். 1:1ஆ இருந்தா வித்தியாசம் எப்பவுமே பூஜ்யம், அதையும் கொக்கியா எடுக்க முடியாது.

*முதல் ஸ்டேட்மென்ட் இன்னும் தலைக்குள்ள இருக்கா?* ரெண்டாவத படிக்கும்போது முதலாவதுல இருந்த ரேஷியோவ தெரியாமலே கூட எடுத்துட்டு வர்றது. இதுக்கு ஒரு கண்ணுக்குத் தெரியாத காரணம், ஸ்க்ராட்ச் பேட்ல ரெண்டுத்துக்கும் ஒரே இடத்துல கணக்கு போடுறது. நடுவுல ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் 2ன்னு பிரிங்க, கேள்வியில குடுத்தத ரெண்டுக்கும் மேல பொதுவா எழுதுங்க. பி போட்டு சி விடையா வர்றவங்களுக்கு முக்காவாசி இதுதான்.

*மைனஸ், பூஜ்யம் மறந்துச்சா?* வெறும் எக்ஸ் ஒய் வர்ற கணக்குல மட்டும் பாருங்க. எக்ஸ் ஒய்ய விட பெருசான்னு கேக்குறாங்க, ஸ்டேட்மென்ட் 1 எக்ஸ் கீழ ஒய் 1க்கு மேலன்னு சொல்லுது. 4ம் 2ம் வச்சா ஆமா. மைனஸ் 4ம் மைனஸ் 2ம் வச்சா ரேஷியோ அதே 2தான், ஆனா எக்ஸ் சின்னது. போதாது. ஸ்டேட்மென்ட் 2 ஒய் பாசிட்டிவ்னு சொன்னா சேத்து போதும், சி. இதே மாதிரி எக்ஸ் ஸ்கொயருக்கும் ஒய் ஸ்கொயருக்கும் 4:9ன்னு குடுத்தா எக்ஸ் ஒய் 2:3ஆவும் இருக்கலாம், மைனஸ் 2:3ஆவும் இருக்கலாம். நீளம், வயசு, ஆளுங்க, விலைன்னா இந்தப் பயம் வேண்டாம், அங்க மைனஸ் வராது, அங்கயும் தேவையில்லாம சந்தேகப்பட்டு நேரத்த விடாதீங்க.

*இங்கிலீஷ் வாக்கியத்த தப்பா மொழிபெயர்த்தீங்களா?* பசங்க எண்ணிக்கை பொண்ணுங்க எண்ணிக்கையில அஞ்சுல மூணு பங்குன்னா 3:5. பசங்க மொத்தத்துல அஞ்சுல மூணு பங்குன்னா 3:2. ஒரு வார்த்தையில மாறிடும். படிச்சதும் தமிழ்ல முழுசா ஒரு தடவ சொல்லிப் பாருங்க, "எதுல" மூணு பங்குன்னு கேட்டா தப்பு அங்கயே தெரிஞ்சிடும்.

அறிகுறி: சி போட்டேன், விடை இ

ரெண்டு தகவல் இருக்கு, ரெண்டு தெரியாதது இருக்கு, சேத்தா வரும்னு கணக்கு போடாமலே நம்பிட்டீங்க. இந்த அறிகுறி நல்லா படிச்சவங்களுக்குதான் அதிகம் வருது, ஏன்னா அவங்கதான் "கடைசி வரைக்கும் போட வேண்டாம், சமன்பாட்ட எண்ணுனா போதும்"னு ஷார்ட்கட் எடுப்பாங்க.

முதல்ல பாக்க வேண்டியது, ரெண்டு ஸ்டேட்மென்ட்டும் ஒரே விஷயத்த ரெண்டு விதமா சொல்லுதான்னு. பசங்க பொண்ணுங்க 2:3ன்னு ஒண்ணு, பொண்ணுங்க 60%ன்னு ஒண்ணு. பாத்தா ரெண்டு, உள்ள ஒண்ணு. எத்தன பேர்னு கேட்டா இ, ரேஷியோ கேட்டா டி. எதுவா இருந்தாலும் சி வரவே வராது. செக் பண்ண ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு கொண்டு வாங்க, எல்லாத்தையும் ரேஷியோவா மாத்துங்க.

அடுத்தது இத விட நைசான ஒண்ணு. கிளாஸ்ல பசங்க பொண்ணுங்க 2:3, இன்னும் 4 பையனும் 6 பொண்ணும் சேந்தாலும் 2:3தான் இருக்கும், அப்போ முதல்ல எத்தன பேர்? 4, 6ன்னு நிஜ நம்பர் வந்துடுச்சு, கொக்கி கிடைச்சிடுச்சுன்னு தோணும். சேந்தவங்களும் அதே 2:3ல சேந்திருக்காங்க, அதனால முன்னாடி 5 பேரா இருந்தாலும் 500 பேரா இருந்தாலும் ரேஷியோ மாறாது. எழுதிப் பாத்தா 2கே + 4க்கு 3கே + 6, 2:3ன்னு போட்டா 6கே + 12 = 6கே + 12, கே அடிபட்டுப் போயிடும். இதுவே 5 பையன் மட்டும் சேந்து 1:1 ஆச்சுன்னா 2கே + 5 = 3கே, கே 5, பசங்க 10. சேந்ததோ போனதோ பழைய கலவைய மாத்துதான்னு பாருங்க, மாத்துனாதான் அது கொக்கி.

மூணாவது சங்கிலி அறுந்தது. ஏ, பி, சி, டின்னு நாலு ஆளு (ஆப்ஷன் இல்ல). ஏ பி 2:3, சி டி 4:5, இப்போ ஏ டி எவ்ளோன்னா எத யோசிச்சாலும் வராது, நடுவுல பொதுவா ஒரு ஆள் இல்ல. ஏ பி 2:3, பி சி 4:5ன்னா பி பொதுவா இருக்கு, 12க்கு கொண்டு வந்தா 8:12:15, ஏ சி 8:15 வந்துடும். ஒவ்வொரு பேருக்கும் ஒரு புள்ளி வச்சு ரேஷியோ இருக்குற இடத்துல கோடு போடுங்க, கேட்ட ரெண்டு புள்ளிக்கு நடுவுல கோட்டுலயே போயிட முடியுதான்னு பாருங்க, அவ்ளோதான்.

நாலாவது, போன வருஷம் 3:4, இந்த வருஷம் 4:5ன்னு ரெண்டு ரேஷியோ குடுத்துட்டு எத்தன பேர் கூடுனாங்கன்னு கேக்குறது. ரெண்டு வருஷத்துக்கும் ஒரே கே போடக்கூடாது, 3கே 4கே, 4எம் 5எம். ஒரே எழுத்த போட்டுட்டா ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கே கூடுன மாதிரி தெரியும், அது உண்மையே கிடையாது. இந்தத் தப்ப நான் சொல்லித் தர ஆரம்பிச்ச காலத்துல போர்டுல நானே பண்ணியிருக்கேன், ஒரு மாணவி எழுந்து கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது, அதுல இருந்து வருஷம் மாறுனா எழுத்த மாத்துறத முதல் நாளே சொல்லிடறேன்.

அறிகுறி: இ போட்டேன், விடை வேற ஏதோ

ஒரு நிஜ நம்பர் கூட இல்லையே எப்படி போதும்னு பயந்தீங்கன்னா, மேல "கலவையா அளவா"ன்னு சொன்ன செக்குக்கே போங்க, காரணம் அதேதான், ஆப்ஷன்தான் வேற.

ஆமா இல்ல கேள்வியா இருந்தா வேற காரணம். பசங்க பாதிக்கு மேல இருக்காங்களா? ஸ்டேட்மென்ட் 1: பசங்க பொண்ணுங்க 2:5. ஸ்டேட்மென்ட் 2: ஒவ்வொரு 4 பொண்ணுக்கும் 3 பையனுக்கு கம்மியாதான் இருக்காங்க. ரெண்டுலயும் விடை "இல்ல", அதுவும் உறுதியா இல்ல. உறுதியான "இல்ல"யும் விடைதான், ரெண்டும் தனித்தனியா போதும், டி. விடை "இல்ல"ன்னு வந்ததும் கை தானா "போதாது"ன்னு போயிடுது, இத நான் அடிக்கடி பாக்குறேன். விடைய முதல்ல "ஆமா / இல்ல / சொல்ல முடியாது"ன்னு எழுதிட்டு, மூணாவது வந்தா மட்டும் போதாதுன்னு போடுங்க.

வயசுக் கணக்குலயும் இது வரும். மகன் அப்பா வயசு இப்போ 1:3, பத்து வருஷம் கழிச்சு அப்பா வயசு மகன் வயசோட மூணு மடங்குக்கு கம்மியா இருக்குமா? வயசு தெரியாம எப்படின்னு இ போடுவாங்க. 3கே + 10, மூணு மடங்கு 3கே + 30, கே என்னவா இருந்தாலும் கம்மிதான். ரெண்டு பக்கமும் ஒரே அளவு கூட்டுனா ரேஷியோ எப்பவும் 1:1 பக்கமாதான் நகரும் (பாசிட்டிவ் நம்பர்னா). வயசு, சம்பளம் ஏத்தம், ரெண்டு பாத்திரத்துலயும் ஒரே அளவு தண்ணி, எல்லாத்துக்கும் இது பொருந்தும்.

பங்குக்கும் மொத்தத்துக்கும் ரேஷியோ குடுத்து, மிச்சத்துக்கு தனியா ஒரு ரேஷியோ குடுக்குறதும் இங்க வரும். ஏ மொத்தத்துல நாலுல ஒண்ணு, பி சி 2:1, மூணு பேர் மட்டும்தான். மிச்சம் 3 பங்கு, அத 2, 1ஆ பிரிச்சா 1:2:1. வந்துடுச்சு பாருங்க. மொத்தம் 4ன்னு வச்சுப் போட்டா உடனே தெரியும்.

அறிகுறி: விடை எல்லாம் சரி, ஆனா ஒரு கணக்குக்கு மூணு நிமிஷம்

2023 நவம்பர்ல வந்த புது ஜிமேட்ல டேட்டா சஃபிஷியன்சி குவான்ட்ல (கணக்கு செக்ஷன்) இருந்து டேட்டா இன்சைட்ஸ் செக்ஷனுக்கு போயிடுச்சு, 20 கேள்விக்கு 45 நிமிஷம். சராசரி ரெண்டே கால் நிமிஷம், ஆனா மல்டி சோர்ஸ் கேள்விங்க (பல பக்கத் தகவல படிச்சுட்டு பதில் சொல்றது) நிறைய நேரம் சாப்பிடும், அதனால ரேஷியோவுக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல குடுக்க முடியாது. அந்த செக்ஷன்ல ஸ்க்ரீன்ல கால்குலேட்டர் இருக்கு, அதுவே நேரத்த திங்குது. ரேஷியோ போதுமான்னு பாக்க கால்குலேட்டர் எடுக்குறீங்கன்னா விடை வரைக்கும் போட்டுட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். சமன்பாட்ட எழுதி, கே அடிபடாம நிக்குதா, நின்னா ஒரே மதிப்புதானான்னு பாத்துட்டு நிறுத்திடுங்க. ஆனா மேல "சி போட்டேன் விடை இ" ஜோடி உங்களுக்கு நிறைய இருந்தா இந்த அட்வைஸ எடுக்காதீங்க, உங்களுக்கு இன்னும் ஒரு வரி சேத்துப் போடுறதுதான் மருந்து.

எப்போ இன்னொருத்தர்கிட்ட போகணும்

காசு செலவில்லாததுல இருந்து சொல்றேன். உங்க நோட்டுல "வாக்கியம் புரியல"ன்னு நிறைய இருந்தா கணக்கு வாத்தியார் வேண்டாம், இங்கிலீஷ் நல்லா தெரிஞ்ச ஃப்ரெண்டு ஒருத்தர உக்கார வச்சு இருபது கேள்விய வாய்விட்டுப் படிச்சு தமிழ்ல சொல்லிப் பாருங்க, ரெண்டு சாயங்காலம் போதும். 3கே + 5 = 4கே மாதிரி எழுதவே வரலன்னா தமிழ்நாடு பாடநூல் ஆறாங்கிளாஸ் கணக்குல விகிதம், விகிதசமம்னு பாடம் இருக்கு, இலவசமா டவுன்லோட் பண்ணலாம், வேலைக்குப் போற ஆளு இத படிக்கறதான்னு தயங்காதீங்க. ஐடில பத்து வருஷம் வேலை பாத்த ஒருத்தர் அத ஒரு வாரம் போட்டுட்டு வந்தாரு, அதுக்கப்புறம் அவருக்கு நான் ரேஷியோல சொல்லித் தர ஒண்ணும் மிச்சம் இல்ல.

நேரம் வைக்காம போட்டா எல்லாம் சரி, நேரம் வச்சா தப்புன்னா வாத்தியாரால பெருசா ஒண்ணும் செய்ய முடியாது, நேரம் வச்ச செட் போட்டுதான் ஆகணும். ஜிமேட்டோட அஃபிஷியல் சைட் எம்பிஏ டாட் காம்ல ரெண்டு அஃபிஷியல் மாக் இலவசமா கிடைக்குது. அத இதுக்கு வீணாக்காம கடைசிக்கு வச்சுக்கிட்டு, வேற கேள்விய பத்துப் பத்தா இருபது நிமிஷத்துக்கு அலாரம் வச்சுப் போடுங்க.

மூணு வாரம், ஒரு அறுபது ரேஷியோ கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ஜோடி எழுதியாச்சு, மேல சொன்ன செக்கெல்லாம் பண்ணியாச்சு, அப்பவும் ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வருதுன்னா அப்போ காசு குடுத்து ஒருத்தர்கிட்ட போங்க. முழு கோர்ஸ்ல சேராதீங்க, அங்க ரேஷியோவ எல்லாருக்கும் முதல்ல இருந்து நடத்துவாங்க, உங்களுக்கு அது தேவையில்ல. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் தனியா சொல்லித் தர்றவங்களா பாருங்க. போகும்போது நோட்டோட ஸ்க்ராட்ச் பேட் கணக்கையும் அப்படியே எடுத்துட்டுப் போங்க, அடிச்சுத் திருத்துனது உட்பட, நகல் எடுத்து அழகா எழுதிக் கொண்டு போக வேண்டாம். அவங்க முன்னாடி நாலு கேள்விய வாய்விட்டு யோசிச்சுப் போடுங்க. அவங்க விடைய விளக்க ஆரம்பிச்சா நிறுத்தி, "நான் எந்த வரியில தப்புனேன்"னு மட்டும் கேளுங்க.